சொட்டுப் பால் விற்காத மந்தை ஊருக்கே சோறு போட்டது, தெரியுமா?

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை அருவிக்குப் போகிற சாலையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். முதலில் மணிச்சத்தம் கேட்கும். அப்புறம் மாந்தோப்புக்கு மேலே செம்புழுதி எழும்பும். அதற்கப்புறம்தான் கொம்புகள் தெரியும். பத்து, ஐம்பது, நூறு, அதற்கும் மேல்! சாலை முழுக்க மாடு. கொடைக்கானல் மலையடிவாரத்தில் மேய்ந்துவிட்டு வருகிற மந்தை, நிறுத்தியிருக்கிற காரைச் சுற்றி, ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் பிரிவதுபோல் இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஒன்றாகக் கூடிவிடும். காரில் ஒரு கீறல் விழாது. ஒரு கொம்பு இடிக்காது.

அன்றைக்கு அப்படி நின்ற காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, பின்னால் வந்த பெரியவரிடம் கேட்டார்: “ஐயா, இவ்வளவு மாடு வச்சிருக்கீங்களே, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?”

பெரியவர் தோளில் கிடந்த கம்பை இறக்காமலேயே சொன்னார்: “பாலா? அது கன்னுக்குத்தேங்க.”

கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. மாடு என்றாலே பால் என்றுதான் நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாலை வைத்து அளந்தால் இந்த மாடு எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் பாலை விட்டுவிட்டு வேறு எதை வைத்து அளந்தாலும் வாயைப் பிளக்க வைக்கும் பிராணி இது! பெயர்: மலை மாடு. வருசநாடு, கம்பம், கூடலூர், போடி, தேவதானப்பட்டி, பெரியகுளம் என்று தேனி மாவட்டத்தின் மலையடிவாரம் முழுக்க இதற்குத்தான் சொந்த ஊர்.

முதலில் ஆளைப் பாருங்கள். உயரம் குறைவு. உடம்பில் ஒரு பிடி கொழுப்பு கிடையாது. வயிறு தொங்காது, மடி சின்னது, கால் எலும்பு இறுகியது, கொம்பு கூர்மை. நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. செவலை, மயிலை, காரி, வெள்ளையில் சிவப்பு தெளித்த மறை என்று ஒரே மந்தையில் அத்தனையும் இருக்கும். சீமைப் பசுவை நூறு நிறுத்தினால் நூறும் ஒன்றுபோல இருக்கும். இங்கே நூறும் நூறு முகம். அதனால்தான் மேய்க்கிறவருக்குப் பெயர் வைப்பது சுலபம். விரிகொம்பு, கூடுகொம்பு, மட்டக்கொம்பு, கூழைவால்! இருநூறு மாட்டில் ஒன்று குறைந்தாலும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, “கூழைவாலைக் காணோமே” என்றுதான் கண்டுபிடிப்பார்கள். இரவில் மணிச்சத்தத்தை வைத்தே எந்த மாடு எழுந்து நடக்கிறது என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இந்த மாட்டின் குளம்பைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கிறதல்லவா? சரிவில் ஏறும்போது அந்த இரண்டு பிளவும் விரிந்து பாறையைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பின்னால் மேலே தொங்குகிற இரண்டு குட்டிக் குளம்புகள் சமதரையில் தரையைத் தொடாது. சேற்றிலும் செங்குத்தான சரிவிலும் அவையும் இறங்கித் தாங்கும். நம்மால் கையூன்றி ஏற வேண்டிய சரிவில் இது புல்லைக் கடித்துக்கொண்டே ஏறும்! பண்ணையில் சிமென்ட் தரையில் நிற்கிற கலப்பினப் பசுவுக்குக் குளம்பு நோவு தீராத தொல்லை. மலை மாட்டுக்கு நடைதான் வைத்தியம். காலையில் கிளம்பி மாலையில் திரும்புவதற்குள் மேடும் பள்ளமுமாகப் பல கிலோமீட்டர் நடந்துவிடுவதால் குளம்பு தானாகவே தேய்ந்து, தானாகவே வடிவுக்கு வந்துவிடும்.

திமில் எதற்கு என்று தெரியுமா? ஒட்டகத்துக்குத் திமில் முழுக்கக் கொழுப்பு. நம் மாட்டுக்கு அது பெரும்பாலும் சதை! தோள்பட்டைத் தசையும் கொழுப்பும் சேர்ந்து உருண்டு நிற்பதுதான் திமில். உலகத்து வீட்டு மாடுகளை இரண்டே பெரும் குடும்பமாகப் பிரிக்கலாம். திமில் இல்லாத ஐரோப்பியக் குடும்பம் ஒன்று, திமில் உள்ள நம் குடும்பம் ஒன்று. இரண்டும் மனிதன் மாட்டைப் பழக்குவதற்குப் பல லட்சம் வருடம் முன்பே தனித்தனி வழியில் பிரிந்துவிட்டன என்று மரபணு ஆய்வு சொல்கிறது. திமில் மாடு முதன்முதலில் மனிதனோடு பழகியது சிந்து சமவெளிப் பக்கம், ஏறக்குறைய 8,000 வருடம் முன்னால். மொகஞ்சதாரோ முத்திரையில் கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க நிற்கிறதே ஒரு காளை, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் கும்பக்கரைச் சாலையில் உங்கள் காரைச் சுற்றிப் போனது!

அந்தத் தொங்குகிற தோலுக்கு அலைதாடி என்று பெயர். பார்ப்பதற்கு அழகு. வேலையிலோ கெட்டிக்காரத்தனம். உடம்புக்கு வெளியே தோலின் பரப்பைக் கூட்டிக் கொடுக்கிறது. பரப்பு கூடினால் சூடு வெளியேறுவது சுலபம். அது மட்டுமா? திமில் மாட்டின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் சீமை மாட்டைவிட எண்ணிக்கையிலும் அதிகம், அளவிலும் பெரியவை, தோலின் மேற்பரப்புக்கு நெருக்கமாகவும் இருக்கின்றன. முடி குட்டை, பளபளப்பு. உடம்புக்குள் உண்டாகிற சூடே குறைவு. அதனால்தான் சித்திரை வெயிலில் கலப்பினப் பசு மின்விசிறிக்குக் கீழே நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும்போது, மலை மாடு உச்சிப்பொழுதில் பாறைச் சூட்டில் நின்று நிம்மதியாக அசை போடுகிறது. உண்ணிக் கடியையும் நம் மாடு சீமை மாட்டைவிட நன்றாகத் தாங்கும். தோலைச் சிலிர்த்து ஈயை விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் எந்த இடத்தில் ஈ உட்கார்ந்ததோ அந்த இடம் மட்டும் துடிக்கும்!

வயிற்றுக்குள் இதைவிடப் பெரிய அதிசயம் நடக்கிறது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லையும் மேல் ஈறையும் வைத்து அறுத்து, அவசரம் அவசரமாக விழுங்கிவிடும். மெல்லுவதெல்லாம் பிற்பாடு, நிழலில் படுத்துக்கொண்டு. நான்கு அறை உள்ள வயிற்றில் முதல் அறையில் இருக்கிற சாற்றில் ஒரே ஒரு மில்லி லிட்டரை எடுத்தால் அதில் சுமார் ஆயிரம் கோடி நுண்ணுயிர்கள்! நீங்களும் நானும் தின்றால் செரிக்காத காய்ந்த புல்லை, சருகை, வைக்கோலை அந்தக் கூட்டம்தான் உடைத்து உணவாக்குகிறது. மலை மாட்டுக்குத் தீவன மூட்டை கிடையாது, புண்ணாக்கு கிடையாது. காட்டில் முளைப்பதும் அறுத்த வயலில் மிஞ்சுவதும்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் ஒரு மாட்டைச் சினையாக்கி, ஒன்பதரை மாதம் சுமக்க வைத்து, கன்றை நடக்க வைக்க வேறு எந்த மாட்டால் முடியும்?

சரி, பால் விற்கவில்லை என்றால் இத்தனை மாட்டை எதற்குக் கட்டி மேய்க்கிறார்கள்?

சாணத்துக்கு!

சிரிக்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கு இன்றைக்குப் பச்சைப் பசேலென்று கிடப்பதற்கு முல்லைப் பெரியாறு தண்ணீர் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்தச் சாணமும். 1895-இல் பெரியாற்று அணை திறந்து, சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. கூடலூரிலிருந்து கீழே 14,707 ஏக்கரில் இருபோக நெல். வருடத்துக்கு இரண்டு தடவை நெல் விளைந்தால் மண்ணில் இருக்கிற சத்து இரண்டு தடவை உருவப்படுகிறது. உரமூட்டை வராத காலத்தில் அந்தச் சத்தை யார் திருப்பிக் கொடுத்தது? அறுப்பு முடிந்து அடுத்த நடவு தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளியில் வயலுக்கு வந்து இறங்கிய மாட்டுக் கிடைதான்.

கிடை போடுவதை ஒரு முறையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மந்தைக்குப் பொறுப்பானவரை நிலத்துக்காரர் வந்து பார்ப்பார். எத்தனை ராத்திரி, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று பேச்சு நடக்கும். பேசி முடித்த அன்றைக்கு மாலை மந்தையை வயலுக்குள் ஓட்டிவந்து ஒரு மூலையில் அடைப்பார்கள். கயிறு கிடையாது, தும்பு கிடையாது. ஓரத்தில் மேய்க்கிறவர்கள் படுத்துக்கொண்டால் அதுதான் வேலி! விடிந்ததும் மந்தை மேய்ச்சலுக்குப் போகும். அடுத்த ராத்திரி கிடை பக்கத்துத் துண்டுக்கு நகரும். இப்படித் தாயக்கட்டம் நகர்வதுபோல் வயல் முழுக்க நகர்ந்து முடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன உடம்புள்ள மாடு ஒன்று ராத்திரிப் பொழுதில் மட்டும் நான்கு கிலோ சாணம் போடுகிறது என்று வைத்துக்கொண்டால், இருநூறு மாட்டுக்கு 800 கிலோ. அள்ள ஆள் வேண்டாம், சுமக்க வண்டி வேண்டாம், கொட்ட கூலி வேண்டாம். எருவே நாலு காலில் நடந்து வந்து, தானே வயலில் பரவிக்கொண்டு, காலையில் எழுந்து போய்விடுகிறது!

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. குப்பைக் குழியில் சாணம் மட்டும்தான் சேரும். கோமியம் தொழுவத்துத் தரையிலேயே வீணாகப் போகும். எடைக்கு எடை பார்த்தால் தழைச்சத்து சாணத்தைவிடக் கோமியத்தில்தான் அதிகம். கிடையில் அது ஒரு சொட்டு வீணாகாமல் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. “கெடை எந்திரிச்ச ஈரம் காயறதுக்குள்ள ஏரு ஓட்டிறணும்” என்று பழைய சம்சாரிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெயில் ஏறினால் அந்தச் சத்து ஆவியாகிக் காற்றில் போய்விடும். எந்த வேதியியல் பாடமும் படிக்காமல் அவர்கள் கண்டுபிடித்து வைத்த விஷயம் இது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

இன்றைக்கும் இந்தச் சாணத்துக்குக் கிராக்கி போகவில்லை. லாரி லாரியாக மலையேறி, எல்லை தாண்டி, இடுக்கிப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறது. நாம் டீயில் தட்டிப் போடுகிற ஏலக்காயின் வாசத்தில் தேனிப் பக்கத்து மாட்டுக்கும் பங்கு உண்டு!

வயலில் கிடை போடுகிற இதே வேலையைக் கிழக்கே செய்கிற உறவுக்கார மாடு ஒன்று இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளம் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய புலிக்குளம் மாடு. மந்தையை நடத்துகிற கீதாரிகள் பின்னால் நடக்க, ஊர் ஊராகக் கிடை போட்டுப் பெயர்ந்துகொண்டே இருக்கிற இனம். அரியானா மாநிலம் கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் 2012-இல் அதைத் தனி இனமாகப் பதிவு செய்தது. ஜல்லிக்கட்டில் நீங்கள் பார்க்கிற காளைகளில் அதற்குத்தான் பெரிய பெயர். அப்படிப் பாய்கிற காளையின் அம்மா வயலில் சாணம் போட்டுக்கொண்டிருந்த கிடைப்பசுதான்!

இனி கம்பத்துக்குப் போவோம். அங்கே இருக்கிற அதிசயத்தைக் கேட்டால் நம்பவே மாட்டீர்கள். ஒரு மந்தையே தெய்வத்துக்குச் சொந்தம், தெரியுமா?

கம்பம் ஊருக்குள்ளேயே நந்தகோபாலன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரம், பிராகாரம் என்று கற்பனை செய்யாதீர்கள். அது ஒரு மாட்டுத்தொழு. தம்பிரான் மாட்டுத்தொழு என்பதுதான் ஊர்ப் பேச்சில் அதன் பெயர். தம்பிரான் என்றால் தலைவன், ஆண்டவன். ஆண்டவனுடைய மாடு, அதனால் தம்பிரான் மாடு. தலைமுறைகளுக்கு முன்னால் கன்னட நாட்டிலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறி, வீட்டில் இன்றைக்கும் கன்னடம் பேசுகிற சமூகத்தார் கண்ணைப்போலக் காத்து வருகிற மந்தை இது. இந்தப் பசுக்களின் பாலைக் கறந்து விற்பது கிடையாது. பசு ஈனும், கன்று குடிக்கும், அவ்வளவுதான். செத்தால் தோலுக்கும் கொடுப்பதில்லை, புதைக்கிறார்கள்.

மந்தைக்கு ஒரு ராஜா உண்டு. பட்டத்துக்காளை! ராஜாவின் பிள்ளை என்பதற்காகவே ராஜாவாகிவிட முடியாது. இங்கே பட்டம் வாரிசுக்கு வராது. பழைய பட்டத்துக்காளை மறைந்தால், நல்ல நாள் பார்த்து மந்தையில் பருவம் வந்த காளைகளை எல்லாம் திரட்டி, எதிரே கரும்புக் கட்டை வைப்பார்கள். மேளம் கொட்டும், சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எந்தக் காளை முதலில் போய்க் கரும்பில் வாய் வைக்கிறதோ அதுதான் ராஜா. மஞ்சள் பூசி, மாலை போட்டு, அன்றிலிருந்து அதற்குத்தான் முதல் மரியாதை. இது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலிலேயே இந்தக் கரும்புத் தேர்வு பதிவாகியிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் தாண்டியும் பட்டத்துக்காளை என்ற பெயரும் மரியாதையும் அப்படியே இருக்கின்றன!

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. காளையைத் தேர்ந்தெடுக்கிறவர் யாரும் இல்லை. உயரம் அளப்பதில்லை, சுழி பார்ப்பதில்லை, பணக்காரர் கொடுத்த காளையா ஏழை கொடுத்த காளையா என்று கேட்பதில்லை. புதுச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மிரளாமல் முதலில் முன்னால் வருகிற தைரியம் எதற்கு இருக்கிறதோ அது தானே முன்னால் வந்து நிற்கிறது. மந்தைக்கு அடுத்த தலைமுறையைக் கொடுக்க அப்படிப்பட்ட காளைதானே வேண்டும்?

மாட்டுப் பொங்கலன்று அங்கே போய்ப் பாருங்கள். சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் தங்கள் வீட்டுப் பசு ஈன்ற கன்றை ஓட்டிக்கொண்டு வந்து தொழுவுக்கு நேர்ந்து விடுவார்கள். பழம், கரும்பு, கீரை என்று மடியில் கட்டிக்கொண்டு வந்து மாட்டுக்கு ஊட்டுவார்கள். பச்சைப் பிள்ளையைத் தூக்கிவந்து மாட்டின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற வைக்கிற பாட்டிகளைப் பார்க்கலாம்.

இதெல்லாம் முந்நூறு நானூறு வருடக் கதை. தேனி மாவட்டத்தில் மாட்டுக் கதை அதற்கும் முந்தியது. எவ்வளவு முந்தியது என்று நினைக்கிறீர்கள்? ஐந்நூறா, ஆயிரமா?

இரண்டாயிரத்துக்கும் மேலே!

2006-இல் ஆண்டிபட்டிப் பக்கம், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்ற ஊரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று கற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ் பிராமி எழுத்து வெட்டிய நடுகற்கள். இந்தியாவிலேயே இதுவரை கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் இவைதான் மிகப் பழையவை என்கிறார்கள். தொல்லியல் அறிஞர் கா. ராஜன் இவற்றின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன் நான்கு, மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறார். அதில் ஒரு கல்லில் இருக்கிற சொல் என்ன தெரியுமா? “ஆகோள்.” ஆ என்றால் பசு. கோள் என்றால் கவர்தல். கூடல் என்ற ஊரில் நடந்த மாடு பிடிச் சண்டையில் செத்துப் போன ஒரு வீரனுக்காக நட்ட கல் அது! அந்தக் கூடல் ஊர் நம் கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூராக இருக்கலாம் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு.

யோசித்துப் பாருங்கள். தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்கிற அதே சொல், ஆகோள். ஏட்டில் இருந்த சொல், நம் வைகைக் கரையில் கல்லில் கிடைத்தது. அந்த மாட்டைப் பால் கறக்கவா பிடித்துக்கொண்டு போனார்கள், உயிரைக் கொடுத்து மீட்டார்கள்? மாடுதான் அன்றைக்குச் சொத்து. பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள். 400-ஆவது திருக்குறளில் வள்ளுவர் மாடு என்று சொல்வது நாலு கால் மாட்டை அல்ல, செல்வத்தை. லத்தீனிலும் அப்படித்தான், பணத்துக்கான பெக்கூனியா என்ற சொல், கால்நடை என்ற பொருளுள்ள பெக்கூஸ் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. உலகத்தின் இரண்டு மூலையிலும் மனிதன் ஒரே மாதிரி யோசித்திருக்கிறான்!

இதே வைகை கீழே இறங்கிப் போகிற கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் மாடு, எருமை, ஆடு என்று வளர்ப்புப் பிராணிகளுடையவையாக இருந்தன. வைகை பிறக்கிற வருசநாட்டு மலையிலும் மாடு, வளைந்து போகிற புலிமான்கோம்பையிலும் மாடு, கீழடியிலும் மாடு.

திமில் மாட்டின் புகழ் இந்த மலையோடு நிற்கவில்லை. ஆந்திரத்து ஓங்கோல் மாடு கப்பலேறி பிரேசிலுக்குப் போனது. நெல்லூர் என்ற பெயர் அங்கே நெலோர் ஆனது. இன்றைக்குப் பிரேசிலின் மாட்டு மந்தையில் பெரும்பகுதி அந்த நெலோர் ரத்தம்தான். வியாட்டினா-19 என்ற ஒரு நெலோர் பசு, எடை சுமார் 1,100 கிலோ, மதிப்பு 40 லட்சம் டாலருக்கும் மேல்! ஏலத்தில் உலகிலேயே விலை உயர்ந்த பசு என்று கின்னஸில் ஏறியது. பிரேசிலில் அப்படி என்றால் நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வெச்சூர் பசு. மாணிக்கியம் என்ற வெச்சூர் பசு 2014-இல் 61.1 சென்டிமீட்டர் உயரத்தோடு உலகிலேயே குள்ளமான பசு என்று அதே கின்னஸில் ஏறியது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே நிமிர்ந்து நடக்கலாம்! ஒரே குடும்பத்தின் இரண்டு முனைகள் அவை. நம் மலை மாடு நடுவில் நின்று இரண்டையும் பார்க்கிறது.

ஓட்டத்திலும் நம் பக்கத்து மாடு குறைந்ததில்லை. தேனிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் நடந்தால் வயதையும் உயரத்தையும் பார்த்துப் பிரிக்கிற பிரிவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, கரிச்சான்! மாட்டுக்குப் பறவைப் பெயரும் பூச்சிப் பெயரும் வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது? சாலையோரம் நின்று பார்த்தால் காரணம் புரியும். வண்டி உங்களைத் தாண்டிப் போனதை உடம்பில் படுகிற காற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்கிற நொடியும் அப்படித்தான்.

இத்தனை அதிசயத்தையும் சொல்லிவிட்டு, மனதைப் பிசைகிற ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த மாடுகள் 95 லட்சம். இந்தியா முழுக்க 19 கோடிக்கு மேல். மொத்த எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் அதற்குள் இந்தியா முழுக்க நாட்டு மாடு மட்டும் 2012-ஐவிட ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்திருந்தது. சீமை மாடும் கலப்பினமும் கூடிக்கொண்டே போகின்றன. மலை மாட்டுக்கு இதற்கு மேலும் ஒரு சோதனை. அதற்கு மேய்ச்சல் நிலம் என்றால் காடு. விளைச்சல் காலத்தில் ஊருக்குள் பயிர் நிற்கும்போது மாடு மலையேற வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்தின் கீழ் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டில் மேய்ப்பது பல தலைமுறைப் பழக்கம். மேகமலை வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் ஐந்தாவது. 2022 மார்ச்சில் மேகமலை தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே மாதத்திலேயே அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. தேனிக்காரனுக்கு அந்தச் சுருக்கத்தால் பெரிய ஆறுதல் இல்லை. அவன் மலையில் பெரும்பகுதி சரணாலயமும் காப்பகமும்தானே!

காட்டைக் காக்க நினைக்கிறவர்கள் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. ஊர் மாட்டுக்கு வருகிற கோமாரி காட்டெருமைக்குத் தொற்றும். மிளாவும் மானும் தின்ன வேண்டிய புல்லுக்குப் போட்டி வரும். வைகைக்குத் தண்ணீர் தருகிற சோலைக்காடு மிதிபட்டால் நாளைக்கு நமக்கே குடிக்கத் தண்ணீர் இருக்காது. எல்லாம் உண்மை. ஆனால் காய்ந்த புல்லை மேய்ந்து காட்டுத்தீக்கு இரை குறைப்பதும் இதே மாடுதான் என்று மேய்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் பரம்பரை மேய்ச்சல் உரிமையை எழுத்தில் ஒத்துக்கொள்கிறது. எந்த மலையில், எந்த மாதத்தில், எத்தனை மாடு என்று வனத்துறையும் மேய்ப்பவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம் இது என்றே நான் நம்புகிறேன். தடுப்பூசி போட்ட மந்தைக்கு அனுமதி, சோலைக்குள் போகாத தடம், கணக்கு வைத்த எண்ணிக்கை. முடியாதா என்ன? ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான உலக ஆண்டாக அறிவித்திருக்கிறது. மேய்ச்சல்காரர் என்றதும் மங்கோலியாவும் கென்யாவும் நினைவுக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கு, பெரியகுளத்திலும் ஒருவர் கம்பைத் தோளில் போட்டு நடக்கிறார் என்று யாராவது சொன்னால் தேவலை.

அந்தப் பெரியவரோடு ஒரு ராத்திரி கிடையில் இருந்தேன். அறுத்து முடித்த நெல் வயல். மேலே கொடைக்கானல் மலையில் விளக்குகள் மினுக்கின. மந்தை படுத்துவிட்டது. இருட்டில் கேட்டதெல்லாம் அசை போடுகிற சத்தம்தான், நூறு வாய்களிலிருந்து, மழை தூறுவதுபோல. மூன்று மணி இருக்கும். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மந்தைக்குள் போனார், நானும் பின்னால் போனேன்.

செவலைப் பசு ஒன்று ஈன்றுகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. அதுவாகவே ஈன்றது, அதுவாகவே நக்கியது. கன்று தலையைத் தூக்கியது, விழுந்தது, முட்டி போட்டது, மறுபடி விழுந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது! நடுங்கிக்கொண்டே அம்மாவின் வயிற்றை முட்டி முட்டித் தேடி மடியைப் பிடித்தது. வால் அசைய ஆரம்பித்தது.

“மறைக் கன்னு,” என்றார் பெரியவர், டார்ச் வெளிச்சத்தை அதன் முதுகில் ஓட்டி. “நெத்தியில வெள்ளை விழுந்திருக்கு பாருங்க. பொட்டுக்காரின்னு கூப்பிட வேண்டியதுதேன்.”

டார்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்து வரப்பில் உட்கார்ந்தார். இருட்டில் அந்தக் கன்று பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.